இது என்ன ஜாதி நாய்?

தெருவில் புதிதாக ஒரு நாய் தென்பட்டால், காண்போர் நாவில் முதலில் எழுவது ஒரு வினா: "இது என்ன ஜாதி நாய்?" விடை கூறுவாரும் உடனே கிடைத்துவிடுவர். காது நிமிர்ந்திருந்தால் அல்சேஷன் கலப்பு என்பார் ஒருவர். உடல் கறுத்துக் கால்கள் பழுப்பாயிருந்தால் டாபர்மேன் கலப்பு என்பார் மற்றொருவர். உரோமம் சற்றே நீண்டிருந்தால் பொமரேனியன் என்று முடிவு கட்டிவிடுவர். இவ்விடைகளில் எவ்வளவு உண்மையுண்டு, அவற்றால் விளைவது என்ன என்பவற்றை உங்களோடு சேர்ந்து ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். பொருள் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் கண்ணால் காண்பதற்கும் கருத்தால் முடிவு செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய இதனினும் எளிய பாடம் வேறில்லை. பாடப்பொருளோ உங்கள் வீட்டு வாயிலிலேயே படுத்துக் கிடக்கிறது.

நான் ஆசிரியப் பணி புரிந்ததும், ஓய்வு பெற்றபின் வாழ்ந்து வருவதும் ஓசூர்ப் பகுதியில். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையூர் இது. ஜூஜுவாடியைக் கடந்தால் கருநாடக மாநிலத்து அத்திப்பள்ளி வந்துவிடும். நாம் நாய் என்பதைக் கன்னடத்தார் நாயி என்பர். தெலுங்கர் குக்க என்பர். உருது பேசுவோர் குத்தா என்பர். நான்கு சொற்களையும் ஒரே தெருவில் கேட்கலாம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின், நாட்டின் பல திசைகளிலிருந்தும் மக்கள் இங்கே வந்து குடியேறினர். என் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளின் முகத்தை மட்டும் நோக்கி, இன்னாருடைய தாய்மொழி இன்னது என்று கூற எவராலும் இயன்றதில்லை. வாய் திறந்து பேசினால் ஒருவாறு புலப்படும். அதுவும் முழுமையாக அன்று. மூன்று மொழிகளையும் ஒன்றுபோலவே பேசும் பிள்ளைகள் இங்கே பலர். நாய்களின் நிலையும் இதுவே.

முதலில் ஜாதி நாய் என்பது யாது எனக் காண்போம். எங்கள் ஊருக்கு அருகில் மத்திகிரியில் ஒரு பழைய கால்நடைப் பண்ணை உண்டு. 1824இல் கும்பினியார் காலத்தில் படைக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பெற்றது அது. இத்தகைய பண்ணைகளில் இன்ன பசு இன்ன காளைக்கு ஈன்ற கன்று இது என்று ஏட்டில் எழுதி வைப்பர். ஜாதி நாய் என்பதும் இவ்வாறு ஏட்டில் எழுதப்பட்ட பரம்பரையே. 1873இல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் என்னும் சங்கம் நிறுவப்பட்டது. ஒவ்வோர் இனத்துக்கும் உயரம், நிறம், காது, வால் ஆகியவற்றுக்கு இலக்கணம் வகுத்து, அவ்விலக்கணத்துக்கு உட்பட்டவற்றையே தம்முள் இணைத்துப் பெருக்கினர். இன்று நாம் காணும் வெளிநாட்டு ஜாதி நாய்களிற் பெரும்பாலானவை இந்த நூற்றைம்பது ஆண்டு முயற்சியால் உருப்பெற்றவை. மனிதனோடு நாய் வாழ்ந்துவரும் காலமோ பதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஆகவே, நாய் என்னும் பெருங்கதையில் ஜாதி என்பது கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்ட சில வரிகளே.

இனி, ஏடு எழுதப்படாத நாய்க்கு வருவோம். நம் நாட்டு நாயை ஊன்றிப் பாருங்கள். நடுத்தர உயரம், குட்டையான உரோமம், நிமிர்ந்த காது, முன்னோக்கிக் குறுகிய முகம், முதுகின்மேல் வளைந்த வால், செம்மண் நிறம் அல்லது அதனோடு வெண்மை கலந்த நிறம். ஒருவரும் இணை தேர்ந்தெடுத்து வளர்க்காத நிலையில், பல நாடுகளில் நாய் ஏறக்குறைய இவ்வடிவிலேயே காணப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் டிங்கோவும் இச்சாயலுடையதே.

இந்நாய்க்கு ஆங்கிலேயர் ஒரு பெயர் இட்டனர். பறை முழக்கும் தொழிலால் பெயர்பெற்ற நம் மக்களுள் ஒரு பிரிவினரின் பெயரையே திரித்து, தள்ளி வைக்கப்பட்டவர் என்று பொருள்படுத்தி, அதனைத் தெருநாய்க்கும் சூட்டிவிட்டனர். இன்றும் ஆங்கில நூல்களில் அப்பெயர் வழங்குகிறது. மனிதரை இழிவுபடுத்திய வழக்கம் விலங்கின் பெயரிலும் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. என் வகுப்பில் அப்பெயரை நான் வழங்கவிட்டதில்லை. நாட்டு நாய் என்ற சொல் நமக்குப் போதும்.

இந்த நாட்டு நாய்க்குத் தொலைவிலே ஓர் ஒத்த வடிவினன் உண்டு. அதன் பெயர் பாசென்ஜி. ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில், காங்கோ ஆற்றுக் காடுகளில் வாழும் மக்களின் வேட்டைத் துணை அது. செம்பழுப்பு நிறம், வெள்ளைப் பாதங்கள், வெள்ளை மார்பு, நிமிர்ந்த காதுகள், இறுகச் சுருண்ட வால், கவலையுற்ற மனிதனைப்போல் நெற்றியிலே சுருக்கம். எடை ஏறக்குறைய 10 அல்லது 11 கிலோ. பூனையைப்போல் தன் உடலைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்ளும். அதனினும் வியப்பு, அது மற்ற நாய்களைப்போல் குரைப்பதில்லை. பாடுவதா அழுவதா என்று ஐயுறத்தக்க ஓர் ஏற்ற இறக்கமான ஒலியை எழுப்பும். வேட்டையின்போது ஓசையின்றி ஓடுவதால், அது செல்லும் திசையை அறிய அதன் கழுத்திலே மரத்தாலான மணியைக் கட்டுவர். மற்ற ஜாதி நாய்கள் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வர, இதன் பெட்டை ஒருமுறையே வரும். ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாயைத் தம் நாட்டுக்குக் கொணர்ந்தபோது அவை நோயால் மாண்டன. 1930களிலேதான் அங்கே நிலைபெற்றன.

பாசென்ஜியின் படத்தைப் பார்த்தவுடன் நம்மவர் பலர், "இதுபோல் ஒன்று எங்கள் தெருவிலும் உண்டே" என்பர். ஆம், உண்டு. என் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக வாழும் செவலை அத்தகையதே. அதன் நெற்றியிலும் சுருக்கம் விழும். மழை பெய்தால் வாயிற்படியைத் தாண்டாது. கால் நனைவது அதற்குப் பிடிக்காது. நம் தெரு நாய்களும் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி இணைந்து, குளிர்காலத்தில் குட்டி ஈனுகின்றன. ஆண்டுக்கு ஒரு பருவமே எனலாம். இவ்வளவு ஒப்புமை இருந்தும், என் செவலைக்கும் காங்கோ நாட்டுக்கும் உறவு உண்டென்று நான் கூறமாட்டேன். ஒத்த வாழ்க்கை ஒத்த வடிவத்தைத் தரும். ஒத்த வடிவம் ஒன்றே ஒத்த பிறப்புக்குச் சான்றாகாது. 2009இல் வெளிவந்த ஆப்பிரிக்கக் கிராமத்து நாய்களைப் பற்றிய மரபணு ஆராய்ச்சியில், பாசென்ஜி அம்மண்ணின் பழங்குடியே என்பது உறுதியாயிற்று. அதே ஆராய்ச்சியில், தோற்றத்தாலும் பெயராலும் ஆப்பிரிக்காவுக்கு உரியதென்று கருதப்பட்ட பாரோ வேட்டைநாய்க்கு அம்மண்ணோடு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. பெயரும் தோற்றமும் இவ்வாறு கைவிடுவதுண்டு.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறேன். தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், ஒரு செந்நிறக் குட்டியைத் தோளில் சுமந்து வந்தார். பாசென்ஜி என்று கூறி யாரோ அவரிடம் விற்றிருந்தனர். அவர் கொடுத்த விலை ஏறக்குறைய அரை மாதச் சம்பளம்.

"ஐயா, இது உண்மையிலேயே பாசென்ஜிதானா? இல்லையென்றால் ஏரிக்கரையில் விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில்" என்றார்.

"பரம்பரைச் சீட்டு ஏதேனும் கொடுத்தார்களா?" என்று கேட்டேன்.

"அப்புறம் தருகிறேன் என்றார், ஐயா. இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை."

அந்நேரம் குட்டி என் செவலையைக் கண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி குரைத்தது. மாணவர் முகம் வாடிற்று. நான் கூறினேன்: "தம்பி, சீட்டில்லாத நாய்க்கு ஜாதி கூற என்னால் இயலாது, விற்றவராலும் இயலாது. உன்னிடம் ஒருவர் பொய் கூறிப் பணம் பறித்தார் என்றால், அது பற்றி முறையிட வேண்டிய இடத்தில் முறையிடு. குட்டி உன்னிடம் எந்தப் பொய்யும் கூறவில்லையே. ஏரிக்கரைத் தண்டனை அதற்கு எதற்கு?" அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு சென்றார். அந்நாய் இன்று அவர் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. அஃது எந்த இனம் என்பது இதுவரை ஒருவருக்கும் தெரியாது.

தோற்றத்தைக் கொண்டு முன்னோரை ஊகிப்பது ஏன் பொய்த்துப் போகிறது? காரணங்கள் சிலவற்றை எளிமையாகக் கூறுகிறேன்.

முதலாவது, மறைந்து வரும் குணங்கள். மெண்டல் என்னும் பாதிரியார் பட்டாணிச் செடியைக் கொண்டு கண்ட விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். நாயின் குட்டை உரோமம் மேலோங்கும் குணம். நீண்ட உரோமம் மறையும் குணம். தாயும் தந்தையும் குட்டை உரோமத்தோடு இருந்தும், இருவரும் நீண்ட உரோமத்துக்குரிய மரபணுவை ஒவ்வொன்று மறைத்து வைத்திருந்தால், குட்டிகளில் நான்கில் ஒன்று நீண்ட உரோமத்தோடு பிறக்கக்கூடும். உடனே ஊரார் பக்கத்துத் தெருப் பொமரேனியன்மேல் பழி போடுவர்! 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, நாய்களின் உரோமத்தில் நாம் காணும் நீளம், சுருள், மீசை ஆகிய வேறுபாடுகளிற் பெரும்பகுதிக்கும் மூன்றே மூன்று மரபணுக்கள் காரணம் என்று காட்டிற்று. நாயிடம் உள்ள மரபணுக்களோ ஏறக்குறைய இருபதாயிரம். அவற்றுள் இரண்டு மூன்றின் விளைவைக் கண்டு முழு நாயின் வரலாற்றையும் கூறுவது, ஒரு நூலின் அட்டை நிறத்தைக் கண்டு அதன் உட்பொருளைக் கூறுவதை ஒக்கும்.

இரண்டாவது, கலப்பினால் புது வடிவம் தோன்றுதல். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே ஸ்காட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல்லாண்டுகள் ஐந்து இன நாய்களை வளர்த்து ஆராய்ந்து, 1965இல் ஒரு பெருநூலை வெளியிட்டனர். நம் பாசென்ஜி அந்த ஐந்தனுள் ஒன்று. அதனைத் தொங்கு காதும் நீண்ட உரோமமும் உடைய காக்கர் ஸ்பேனியலோடு கலந்து பார்த்தனர். முதல் தலைமுறைக் குட்டிகள் தம்முள் ஒத்திருந்தன. பெற்றோர் இருவரில் ஒருவரையும் முழுமையாக ஒத்திருக்கவில்லை. அவற்றைத் தம்முள் இணைத்துப் பெற்ற இரண்டாம் தலைமுறையிலோ, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அவற்றை அறியாத ஒருவர் கண்டால், பாசென்ஜி என்றோ காக்கர் என்றோ கூறத் தோன்றாது. வேறு ஏதேதோ இனங்களின் பெயரையே கூறுவார்.

மூன்றாவது, கணக்கு. பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், அதற்கும் முன் எண்மர். ஐந்தாம் தலைமுறையில் 32. பத்தாம் தலைமுறையில் 1,024. நாய்க்குப் பத்துத் தலைமுறை என்பது இருபது முப்பது ஆண்டுகளே. இத்தனை பேரில் எவரை அந்தக் காது காட்டுகிறது? அன்றியும், பெட்டை நாய் ஒரே பருவத்தில் பல ஆண் நாய்களோடு இணையுமாதலால், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தையர் இருவர் மூவராகவும் இருக்கலாம். உடன்பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று ஒவ்வாதிருப்பதில் வியப்பொன்றும் இல்லை.

கைதேர்ந்தவர்கள் ஊகித்தால் சரியாகுமோ என்று நீங்கள் கேட்கலாம். அதனையும் சோதித்துள்ளனர். கலிபோர்னியாவில் காப்பகங்களிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட கலப்பு நாய்களின் மரபணுவை ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். காப்பகத்தார் ஊகித்துக் கூறிய இனங்களில் ஒன்றாவது மரபணுச் சோதனையில் முதன்மையாகத் தென்பட்டது நான்கில் ஒரு பங்கு நாய்களில் மட்டுமே. நாள்தோறும் நாய்களோடு பழகுவோர் நிலையே இது.

மரபணுச் சோதனை இன்று நம் நாட்டிலும் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறவாதீர்கள். தன் பட்டியலில் உள்ள இனங்களோடு ஒப்பிட்டே அது விடை கூறும். பட்டியலில் இல்லாத நாயை அதனால் பெயர் சொல்லி அழைக்க இயலாது. 2015இல் 38 நாடுகளின் கிராமத்து நாய்களை ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி, இந்தியக் கிராமத்து நாய்களில் ஐரோப்பிய இனங்களின் கலப்பு மிகக் குறைவு என்று கண்டது. அங்ஙனமாயின், நம் தெருவிலே நாம் அல்சேஷன் கலப்பு, டாபர்மேன் கலப்பு என்று கூறுவனவற்றுள் பல, எக்கலப்பும் இல்லாத பழைய நாட்டு நாய்களாகவே இருக்கக்கூடும். கறுப்பும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு டாபர்மேன் வேண்டுவதில்லை. தென்பாண்டி நாட்டுக் கன்னி நாய்க்கு அந்நிறம் தொன்றுதொட்டு உள்ளதே. பெருநகரை அடுத்த எங்கள் எல்லைப் பகுதியில் கலப்பு சற்று மிகுதியாக இருத்தல் கூடும். அதுவும் ஒவ்வொரு நாயாகச் சோதித்தே கூறத்தக்கது.

ஊகம் பொய்த்தால் என்ன குடி முழுகிவிடும் என்று எண்ணவேண்டா. ஊகத்தைப் பின்பற்றித் தீர்ப்பு வருகிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் கால்நடைத் துறை, கொடியவை என்று கருதப்பட்ட 23 இன நாய்களையும் அவற்றின் கலப்புகளையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. அடுத்த மாதமே கருநாடக உயர்நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கியது. கலப்பு என்ற அந்த ஒரு சொல்லை எண்ணிப் பாருங்கள். சீட்டில்லாத ஒரு நாய் அக்கலப்பா அன்றா என்பதைக் கண்ணால் கண்டு தீர்மானிப்பவர் யார்? அவருடைய ஊகத்தின்மேல் ஓர் உயிரின் கதி தொங்குகிறது.

குணமும் அவ்வாறே. 2022இல் அமெரிக்க அறிஞர்கள், பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்போரிடம் கேட்டறிந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்தனர். நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் இனம் விளக்குவது நூற்றுக்கு 9 பங்கே என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு நாய் கடிக்குமா, குழந்தைகளோடு ஒத்துப்போகுமா என்பதை அறிய, அது வளர்ந்த விதத்தையும் நடத்தப்பட்ட விதத்தையும் கேளுங்கள்; பெயரைக் கேட்டுப் பயனில்லை.

இதனால் இனங்களே வேண்டா என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. நம் தமிழகத்தில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் இனங்கள் உள்ளன. அண்டை மாநிலத்தில் முதோல் வேட்டைநாய் உண்டு. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல் தலைகளில் இராசபாளையமும் முதோலும் இடம்பெற்றன. பல தலைமுறை உழவரும் வேடரும் பேணி வளர்த்த செல்வம் அவை. அவற்றை ஏடு எழுதிக் காப்பது நம் கடமை. ஏட்டில் ஏறிய நாயைக் காப்பதற்காக, ஏட்டில் ஏறாத நாயை இகழவேண்டும் என்பதில்லை.

நம் முன்னோர் இதில் எவ்வாறு நடந்துகொண்டனர்? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஆநிரை மீட்கும் பூசலில் மடிந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற அவன் நாயையும் அக்கல் குறிக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். எல்லைக்கு அப்பால், கருநாடகத்து ஆதகூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல், காட்டுப் பன்றியோடு பொருது தானும் மடிந்த காளி என்னும் வேட்டைநாயை நினைவுகூர்கிறது. அது பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ளது. எங்கள் ஊர் இவ்விரண்டு கல்லுக்கும் இடையே இருக்கிறது. நாயின் பெயரையும் அது செய்த செயலையும் போற்றிக் கல்லில் வெட்டிய அம்மக்கள், அதன் குலத்தைக் கேட்டு நின்றதாகத் தெரியவில்லை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு பணி தருகிறேன். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் தெரு நாய்களைத் தொலைவிலிருந்து ஓராண்டு கவனியுங்கள். காது, வால், நிறம், குரல், குட்டி ஈனும் மாதம் ஆகியவற்றை எழுதுங்கள். இனத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஒரு காதில் சிறு வெட்டு இருந்தால் அதையும் குறியுங்கள். அது கருத்தடை செய்து விடப்பட்ட நாய் என்பதற்கு அடையாளம். ஓராண்டு முடிவில், பார்த்தவற்றைக் கொண்டு பேசும் பழக்கம் உங்களுக்கு வந்திருக்கும்.

கவனிக்கும்போது எச்சரிக்கையும் வேண்டும். குட்டி ஈன்ற நாயையும், உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும் நெருங்காதீர்கள். கடிபட்டால், சிறு கீறலாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலே ஏசுவார்கள் என்று மறைக்கவே கூடாது. வெறிநாய்க்கடி நோய் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பது எளிது. 1885இல் பாஸ்டர் காட்டிய வழி அது. நம் குன்னூரில் அதற்கென 1907இலேயே ஒரு நிலையம் தொடங்கப்பெற்றது. வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுங்கள். விலை கொடுத்து வாங்கியதற்கும், தெருவில் எடுத்ததற்கும் ஊசி ஒன்றே.

நாய் வளர்க்க விரும்புவோர், கடைக்குச் செல்லுமுன் தம் தெருவை ஒருமுறை நோக்குக. நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உயிர் அங்கே காத்திருக்கிறது. "இது என்ன ஜாதி?" என்று யாரேனும் கேட்டால், அதன் பெயரைச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பெயர் வைப்பது உங்கள் பொறுப்பு.